செவிவழிச் சாட்சியத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்கும் முறை: இங்கிலாந்து, வேல்ஸ் குற்றவியல் நீதிமன்றங்களில்

விசாரணைக்கு நேரில் வராத ஒருவர் வெளியே சொன்னதையோ எழுதியதையோ, அது உண்மை என்று நிறுவுவதற்காக நீதிமன்றத்தில் முன்வைப்பதே செவிவழிச் சாட்சியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை எப்போது ஏற்கலாம் என்பதை 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டமும், எப்படி முன்னறிவிக்க வேண்டும் என்பதைக் குற்றவியல் நடைமுறை விதிகளின் 20ஆம் பகுதியும் வகுத்துள்ளன. சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லாத தரப்புக்கு, அந்தக் கூற்றைச் சோதித்துப் பார்க்க அவகாசமாவது கிடைக்க வேண்டும் என்பதே முன்னறிவிப்பின் நோக்கம்.

எல்லாச் செவிவழிச் சாட்சியத்துக்கும் இந்த அறிவிப்பு தேவைப்படாது. இறப்பு, உடல் அல்லது மனநலக் குறைவு, வெளிநாட்டு வாசம், தேடியும் கிடைக்காமை, அச்சம் ஆகியவற்றால் சாட்சி வர இயலாதபோதும் (2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 116ஆம் பிரிவு), நீதியின் நலன் கருதி அனுமதி கேட்கும்போதும் (114), குற்ற வழக்குக்காகவே தயாரிக்கப்பட்ட ஆவணத்தை முன்வைக்கும்போதும் (117), ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னதைக் கொண்டுவரும்போதும் (121) அறிவிப்பு கட்டாயம். அன்றாட வணிகப் பதிவேடுகளுக்கும், 118ஆம் பிரிவு காப்பாற்றி வைத்துள்ள பழைய பொதுச்சட்ட விதிகளின்படி (நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே உருவானவை) வருபவற்றுக்கும் அது தேவையில்லை.

அறிவிப்பில், எந்தச் சாட்சியம் செவிவழியானது, அதை ஏற்கத்தக்கதாக்கும் உண்மைகள் எவை, அவை மறுக்கப்பட்டால் எப்படி நிரூபிப்பீர்கள், எந்தச் சட்டக் காரணத்தால் அது ஏற்கத்தக்கது என்ற நான்கையும் எழுதி, ஏற்கெனவே கொடுக்கப்படாத வாக்குமூலத்தையும் ஆவணத்தையும் இணைக்க வேண்டும். மூன்றாவதற்கே அதிக உழைப்பைக் கொடுங்கள். பல அறிவிப்புகள் வலுவிழப்பது அங்கேதான் என்பது என் கருத்து. 'சாட்சி வெளிநாட்டில் இருக்கிறார்' என்பது போதாது. அவரை வரவழைப்பது நியாயமான அளவில் சாத்தியமில்லை என்றும் காட்ட வேண்டும் என்பதால், பயணத்துக்கு என்ன ஏற்பாடு செய்ய முயன்றீர்கள், காணொளி இணைப்பு வழியாகச் சாட்சியம் பெற முடியுமா என்று பார்த்தீர்களா என்பவற்றைத் தேதிகளுடன் சொல்லுங்கள். ஆளைக் காணவில்லை என்றால் எந்த முகவரிக்கு யார் எப்போது போனார், எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தார் என்பதை, தேடியவரின் வாக்குமூலமாகவே இணைப்பது நல்லது. இத்தகைய சாட்சியத்தை ஆராயாமல் தலையசைத்து அனுமதித்துவிடக் கூடாது என்று 2012இல் ரியட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது.

அரசுத் தரப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவர் தாம் குற்றவாளி அல்ல என்று சொன்ன பிறகு, சிறிய குற்றங்களை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றமானால் 20 வேலை நாட்களுக்குள்ளும், கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரௌன் நீதிமன்றமானால் 10 வேலை நாட்களுக்குள்ளும் அறிவிப்பை நீதிமன்ற அலுவலரிடமும் மற்ற ஒவ்வொரு தரப்பிடமும் சேர்ப்பிக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நாள் கணக்கு இல்லை. நியாயமாக இயன்ற அளவு விரைவில் கொடுத்தாக வேண்டும். கெடு கடந்துவிட்டால், தாமதத்துக்கான காரணத்தை விளக்கி, அறிவிப்புடன் சேர்த்தே கால நீட்டிப்பும் கேளுங்கள். கெடு முடிந்த பிறகும் அதை நீட்டிக்கவும், வாய்மொழி அறிவிப்பை ஏற்கவும், அறிவிப்பே வேண்டாம் என்று விலக்களிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அறிவிப்பைப் பெறுபவர் ஒன்றை மறக்கவே கூடாது: எவரும் ஆட்சேபிக்காவிட்டால் அந்தச் சாட்சியம் தரப்புகளின் சம்மதத்தோடு ஏற்கப்பட்டதாகவே நீதிமன்றம் கருதும். ஆகவே எந்த உண்மைகளை மறுக்கிறீர்கள், ஏன் அது ஏற்கத்தக்கதல்ல என்று விளக்கி, நீதிமன்றம் முடிவு செய்யுமாறு விண்ணப்பியுங்கள். அறிவிப்பு கிடைத்தது, குற்றத்தை மறுத்தது ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 வேலை நாட்கள்தான் உச்ச வரம்பு. அறிவிப்பு தேவையில்லாத சாட்சியத்தையும் எதிர்க்கலாம். அப்போது அந்தச் சாட்சியம் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட நாள் கணக்கில் வரும்.

விதியை மீறிய தரப்பின் சாட்சியம் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே வராது என்கிறது 132ஆம் பிரிவு. அனுமதி கிடைத்தாலும், அந்தத் தவறிலிருந்து நீதிபதியோ ஜூரியோ தகுந்த ஊகம் செய்யலாம். செலவுத்தொகை விதிக்கும்போதும் அது கணக்கில் கொள்ளப்படலாம். தவறுக்கு நியாயமான காரணம் இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். அந்த ஊகத்தை மட்டுமே வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவும் முடியாது.