கார் பேட்டரிக்கு வீட்டிலேயே சார்ஜ் போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பொங்கல் லீவு முடிந்து ஊரிலிருந்து வேளச்சேரிக்குத் திரும்பினால், பத்து நாளாக அசையாமல் நின்ற கார் செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருகினால் ‘கடக் கடக்’ என்ற சத்தம் மட்டும் வரும். எங்கள் அபார்ட்மென்டில் வருடா வருடம் யாராவது ஒருவருக்கு இது நடக்கும். “வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குல்ல சார், அதுல மாட்டி விடுங்க” என்று ஒருவர் யோசனையும் சொல்வார். நானும் ஒருமுறை மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் பேட்டரி கை வைக்க முடியாத சூடு, ஹால் முழுக்க அழுகின முட்டை நாற்றம்.

சின்ன கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய கணக்கு. அதாவது மூன்றரை ஆம்பியர் போதும். இன்வெர்ட்டரோ 150 ஏஎச் பேட்டரியை மனதில் வைத்துச் செய்தது, பத்து ஆம்பியருக்கு மேலேயே தள்ளும். தானாக நின்றுகொள்ளும் கார் பேட்டரி சார்ஜர் ஒன்றை வாங்கிவிடுங்கள். முட்டை நாற்றம் வந்தால் பிளக் பாயின்டில் சுவிட்சை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ சார்ஜ் பேச்சே வேண்டாம்.

பலர் ஷாக் அடிக்குமோ என்றுதான் பயப்படுகிறார்கள். 12 வோல்ட் பேட்டரியில் எனக்கு அந்தப் பயம் இல்லை. காஸும் தீப்பொறியும்தான் பயம். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியே வரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் மூடின அறை கூடாது, விளக்கு எரியும் பூஜை அறைப் பக்கமும் கூடாது. நான்கு பக்கமும் காற்று வரும் ஸ்டில்ட் பார்க்கிங்தான் சரியான இடம். ஆனால் முதல் மாடி ஜன்னலிலிருந்து டேப் சுற்றிய ஒயரைத் தொங்கவிட்டு, அது மழைத் தண்ணீரில் கிடந்தால் அங்கே ஷாக் நிஜம். அது 230 வோல்ட்.

தீப்பொறி வருவது பெரும்பாலும் நம் கையால்தான். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ். பிளஸ்ஸில் ஆரம்பித்து, பத்தாம் நம்பர் ஸ்பேனர் பக்கத்தில் இருக்கும் கார் பாடியில் உரசினால் போதும், ‘படார்’ என்று பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. காரிலேயே வைத்துச் சார்ஜ் போட்டால் சிவப்பு கிளிப் பிளஸ்ஸில், கறுப்பு கிளிப் பேட்டரியை விட்டுத் தள்ளி எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில். இரண்டும் மாட்டிய பிறகுதான் சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்ச், அப்புறம் கிளிப். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது கந்தக அமிலம்.

மூடி திறக்கிற பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ தண்ணீரும் அதற்கு ஈடில்லை. உள்ளே இருக்கும் ஈயத் தகடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் முன்பே ஊற்றலாம். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏற ஏற மட்டம் உயர்ந்து அமிலம் வழியும்.

2015, 2023 டிசம்பர் மாதிரி வெள்ளத்தில் முங்கின கார் என்றால் சார்ஜரைத் தொடவே தொடாதீர்கள், மெக்கானிக் பார்க்கட்டும்.

சார்ஜ் முடிந்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் சரி. தனியாகக் கழற்றி வைத்த பேட்டரியே 12-க்கு இறங்கியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கடைக்குத் தூக்கிப் போங்கள், பழையதற்கு ஒரு தொகை கழித்துக்கொள்வார்கள். கழற்றி வைத்தால் நிற்கிறது, காரில் மாட்டினால் இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று ராத்திரியெல்லாம் கரென்டைக் குடிக்கிறது. என் காரில் அது நானே ஆசைப்பட்டு மாட்டின டேஷ்கேம்.