போக்கிமான் சில்லு விளையாட்டு: காசைக் கரைக்கும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவில் எங்கள் வீட்டுப் பக்கத்து மாலில், போக்கிமான் ஃப்ரெண்டா இயந்திரத்தின் முன் ஓர் அப்பாவும் மகளும் நின்றார்கள். காசு போட்டு, போக்கிமான் படம் போட்ட சில்லுகளை வைத்து ஆடும் விளையாட்டு அது. அவள் கையில் ஒரு பை நிறைய மெசாஸ்டா டேக், அதாவது ஃப்ரெண்டாவுக்கு முந்தைய இயந்திரத்தின் சில்லு. ஒன்றை எடுத்து, எங்கே வைப்பது என்று இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். 2020-இல் நானும் என் மகனும் இப்படித்தான் நின்றோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பொத்தானை எப்போது தட்டுவது என்பதையெல்லாம் குழந்தைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள், அதற்குள் போகவில்லை.

நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பது

சில்லில் நட்சத்திரம் கூடினால் பலம் கூடும், உண்மைதான். ஆனால் எதிரே நிற்பது நீர் வகையாக இருக்கும்போது நெருப்பு வகை சாரிசார்டை இறக்கினால், அத்தனை நட்சத்திரமும் வீண். ஆட்டத்துக்கு எடுக்கும் மூன்று சில்லையும் ஒரே வகையாக எடுத்துப் போகாதீர்கள். புல், நீர், மின்சாரம் என்று கலந்து வைத்துக்கொண்டால் சாதாரணச் சில்லும் நின்று ஆடும்.

பழைய சில்லைப் பெரிய விலைக்கு வாங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

2020 ஆகஸ்டில் மகனின் பிறந்தநாளுக்கு பழைய பொம்மைகள் விற்கும் ஒரு கடையில் காஒலே டிஸ்க் நான்கு வாங்கினேன். மெசாஸ்டாவுக்கு முந்தைய இயந்திரமான காஒலேயின் சில்லு அது. நான்கும் ஐந்து நட்சத்திரம், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். விலை 9,000 யென். ஒரு ஆட்டம் 100 யென் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பரில் மெசாஸ்டா வந்தது. நாங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் காஒலே இயந்திரத்தைத் தூக்கிவிட்டார்கள். மகன் டிஸ்க்கை டேக் வைக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தான், திருப்பி வைத்தான், மெதுவாக அழுத்தினான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தான். புது இயந்திரம் வருகிறது என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். வரிசையைப் பாருங்கள்: 2007-இல் பாட்ரியோ, 2012-இல் டிரெட்டா, 2016-இல் காஒலே, 2020-இல் மெசாஸ்டா, 2024-இல் ஃப்ரெண்டா. டிரெட்டாவிலிருந்து கணக்காக நான்கு வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் சில்லின் வடிவமே மாறுகிறது. பழையது புதியதில் நுழையாது. டிரெட்டாவுக்காவது 2013-இல் நின்டென்டோ 3டிஎஸ்ஸோடு இணைக்கும் கருவி ஒன்று வந்தது, வீட்டிலேயே சில்லை வைத்து ஆடலாம். காஒலே டிஸ்க்குக்கு அந்த வழியும் இல்லை.

ஒரே தலைமுறைக்குள் இந்தப் பயம் வேண்டாம். சில மாதத்துக்கு ஒருமுறை புதுத் தொகுதி வரும், ஜப்பானில் அதை 'டான்' என்பார்கள். முதல் டானில் கிடைத்த மெசாஸ்டா டேக் கடைசி டானிலும் வேலை செய்தது. தலைமுறை மாறும்போதுதான் அடி. ஆகவே இயந்திரம் வந்து மூன்று வருடம் தாண்டிவிட்டால், ஆடுவதற்கென்று ஆயிரக்கணக்கில் கொடுத்து எதையும் வாங்காதீர்கள். அலமாரியில் அழகுக்கு வைக்கத்தான் என்றால் சரி, அது வேறு ஆசை. குழந்தையிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போலி

அச்சு மங்கலாக இருந்தால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்தால், வேண்டாம்.

பின்பக்கக் குறியீட்டின் மேல் பெயர் ஸ்டிக்கர் ஒட்டுவது

இயந்திரம் படிப்பதே அதைத்தான். பெயரைப் பையின் மேல் எழுதுங்கள்.

நாணயத்தை அடுக்கி வைத்து நகராமல் ஆடுவது

பின்னால் ஐந்து வயதுக் குழந்தை ஒரே ஒரு 100 யென்னைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு ஆட்டம் முடிந்ததும் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போங்கள்.