கடன் அபாயக் கணிப்பு வேலைக்கு வரும் தங்கைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மளிகைக் கடையில் வீட்டுக்கொரு 555 புத்தகம், அதாவது கடன் கணக்கு எழுதும் சின்னக் குறிப்பேடு, இருக்கும். சம்பளம் போட்டதும் பழைய பாக்கியில் பாதி அடையும், மறுநாளே அரிசி, மைலோ, கருவாடு என்று புதுக் கணக்கு தொடங்கிவிடும். கோலாலம்பூரில் வங்கிக் கடன்களின் அபாயத்தைக் கணிக்கும் வேலைக்கு வந்த புதிதில் இதை யாரிடமும் சொன்னதில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் முன்னால் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, கதை எதற்கு என்ற கூச்சம். அதுதான் நான் செய்த முதல் தவறு, ஏனென்றால் இந்த வேலைக்கான பாடமே அந்தக் கதையில் இருக்கிறது.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். பால் மரத்து (ரப்பர் மரத்து) பட்டை நனைந்திருந்தால், வெட்டிய கோட்டில் பால் ஓடாமல் மரத்தோடு வழிந்து வீணாகும். அதனால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் குறையும். அந்த மாதம் ஒரு வீட்டுக்கு மட்டும் பாக்கி நிற்காது, லயம் முழுக்க நிற்கும். கடைக்காரருக்கு இது மனப்பாடம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு கடனாளியையும் தனித்தனியாக எண்ணி மாடல் (கணிப்புக் கணக்கு) போடுகிறார்கள். பலர் ஒரே நேரத்தில் கட்ட முடியாமல் போவதைக் குறைத்து மதிப்பிட்டதும், 2008-ல் அமெரிக்க வீட்டுக் கடன் பத்திரங்கள் சரிந்ததற்கு ஒரு காரணம்.

அப்புறம், பிடி (PD) என்கிற, கட்டாமல் போகும் வாய்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது. 10,000 ரிங்கிட் பாக்கி, கட்டாமல் போக 4% வாய்ப்பு, போனால் பாதிப் பணம் திரும்பாது என்றால் எதிர்பார்க்கும் இழப்பு 200 ரிங்கிட். திரும்பாத பங்கு பாதியல்ல, முக்கால் என்றால் அதே கடனில் 300. அந்தப் பங்கைக் கணிக்க கடன் கட்டாததால் பறிக்கப்பட்டு ஏலம் போன வண்டிகளின் பழைய கணக்கைக் கிளற வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் விடாதீர்கள்.

மாடல் 97% சரி என்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம். 100 பேரில் 3 பேர்தான் கட்டவில்லை என்றால், "எல்லாரும் கட்டுவார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே 97 வரும்.

தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. ஒரு மாடலில் 2020-ஆம் ஆண்டுத் தரவை அப்படியே போட்டேன். கடனாளிகள் அருமையாகக் கட்டியதாகத் தெரிந்தது. குழுவிலிருந்த மூத்த அக்கா வரைபடத்தில் ஒரு பள்ளத்தில் விரலை வைத்து, "இந்த ஆறு மாசம் தவணையே கேட்கலையேம்மா" என்றார். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த தவணை ஒத்திவைப்பு! கட்டாதது நிலுவையாகவே பதிவாகவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தினேன்.

பைத்தான் நிரல்மொழி மட்டும் கற்றுக்கொண்டு, தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் எஸ்கியூஎல் (SQL) தெரியாமல் வராதீர்கள், பாதி நாள் அதில்தான் போகும். கூட்டத்தில் யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் மாடலை நீங்களே விளக்குங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் விளக்குவார், அவர் பெயரில் அது நிற்கும்.

பிடிபிடிஎன் (PTPTN) என்ற அரசுக் கல்விக் கடனை நிலுவை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு விண்ணப்பிக்காதீர்கள், அதுவும் பேங்க் நெகாராவின் கடன் பதிவான சிசிஆர்ஐஎஸ்ஸில் (CCRIS) வரும். நேர்காணலுக்கு முன் அதன் இணையத் தளமான இசிசிஆர்ஐஎஸ்ஸில் (eCCRIS) உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், இலவசம்தான். கடந்த 12 மாதங்களுக்கும் ஒவ்வொரு எண் இருக்கும், எத்தனை மாத நிலுவை என்று. நாளைக்கு நீங்கள் உட்கார்ந்து படிக்கப்போவதும் அதே வரிசைகளைத்தான்.