குடலுக்குள் நீலமும் பச்சையும்: என்.பி.ஐ. படத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடலை உள்ளிருந்து பார்க்கும் கொலோனோஸ்கோபிக் கருவியின் கைப்பிடியில் உள்ள ஒரு பொத்தானை மருத்துவர் அழுத்தியதும், அதுவரை திரையில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த குடற்சுவர் நிறம் மாறி, நுண்ணிய இரத்த நாளங்கள் பழுப்புக் கோடுகளாகத் தெளிந்து வரும். ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த நேரோ பேண்ட் இமேஜிங், சுருக்கமாக என்.பி.ஐ., என்ற முறை இது. வெள்ளை ஒளி முழுவதையும் அனுப்பாமல் 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய நீல, பச்சை ஒளியை மட்டும் இது அனுப்புகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இவ்விரண்டையும் நன்றாக உறிஞ்சிக்கொள்வதால், நீல ஒளி எட்டும் மேற்பரப்பு நாளங்கள் பழுப்பாகவும், பச்சை ஒளி எட்டும் சற்று ஆழமான நாளங்கள் பசுநீலமாகவும் தெரிகின்றன. சாயம் எதுவும் தெளிக்காமலேயே இவ்வளவும் தெரிவதால், இம்முறையின் மீது அது தாங்கக்கூடியதைவிட அதிக நம்பிக்கை வைக்கப்படுகிறது.

முதல் தவறு கருவி உள்ளே போவதற்கு முன்பே, நோயாளியின் வீட்டில் நடந்துவிடுகிறது. குடலில் தங்கிய பித்தநீரும் கழிவு நீரும் வெள்ளை ஒளியில் மஞ்சளாகத் தெரியும், என்.பி.ஐ. ஒளியிலோ அவை இரத்தம் போலச் சிவந்து, வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். ஆகவே சுத்தமாகாத குடலில் இந்த நவீன ஒளி, பழைய வெள்ளை ஒளியைவிட மோசமாகவே காட்டும். பேதி மருந்து முழுவதையும் முதல் நாள் மாலையே குடித்து முடித்துவிட்டால் நிம்மதி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து வடியும் நீர் பெருங்குடலின் வலப்பக்கத்தில் மீண்டும் படிந்துவிடும். பாதியை முதல் நாள் குடித்துவிட்டு, மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பு முடித்துவிடுவதே இன்று பரிந்துரைக்கப்படும் முறை. கொய்யா, தக்காளி, வெண்டைக்காய் ஆகியவற்றின் விதைகள் உறிஞ்சு குழாயை அடைத்துக்கொள்ளும்; இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருமையாக்கிச் சுவரில் ஒட்டவைக்கும்; சிவப்பு, ஊதா நிறப் பானங்களை இரத்தத்திலிருந்து பிரித்தறிவது கடினம். இளநீர் குடிக்கலாம் என்றால் மோரும் குடிக்கலாம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மோர் தெளிந்த பானம் ஆகாது. அதே வேளையில், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்திவிடுவது, குடல் சுத்தமாகாமல் போவதைவிடப் பெரிய ஆபத்து.

ஒளியை மாற்றிவிட்டால் வேகமாகப் பார்த்துவிடலாம் என்பது அடுத்த தவறு. மடிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாலிப், அதாவது குடற்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி, எந்த நிற ஒளிக்கும் தானாக வெளியே வராது. கருவியைப் பின்னிழுக்கும்போது பார்வைக்கு மட்டும் குறைந்தது 6 நிமிடம் செலவிட வேண்டும் என்பது நெடுநாள் அளவுகோலாக இருந்தது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கங்கள் 2024-இல் அதைச் சராசரி 8 நிமிடமாக உயர்த்தின. தொடக்கக்கால என்.பி.ஐ. கருவிகள் மங்கலாக இருந்ததால், கூடுதல் பாலிப்களைக் கண்டுபிடிப்பதில் அவற்றால் பெரிய பலன் தெரியவில்லை. பின்னர் வந்த பிரகாசமான கருவிகளில் பலன் தெரிந்தது, அதுவும் குடல் நன்றாகச் சுத்தமாக இருந்தவர்களிடமே.

எல்லாவற்றையும்விட நுட்பமான தவறு, நிறத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்பில் நாளங்கள் அடர்ந்திருப்பதால் அது சுற்றுச்சுவரைவிடப் பழுப்பாகத் தெரியும். தீங்கற்ற ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் சுவரின் நிறத்திலேயோ வெளிறியோ தெரியும். இதிலிருந்து, வெளிறியிருந்தால் பயமில்லை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய, தட்டையான செரேட்டட் (ரம்பப் பல் அமைப்புள்ள) புண்ணும் அதே வெளிறிய முகத்தோடுதான், பெரும்பாலும் வலப்பக்கக் குடலில், படுத்திருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது பல நேரங்களில் அதன் மேல் மூடியிருக்கும் கோழைப் படலம்தான். வெள்ளை ஒளியில் மஞ்சளாக, கழுவாமல் விட்ட கழிவு போலிருக்கும் அந்தப் படலம், என்.பி.ஐ. ஒளியில் சிவந்து தனியாகத் தெரியும். அழுக்கு என்று எண்ணி நீரைப் பீய்ச்சிவிட்டு நகர்ந்தால் தடயம் போய்விடும். நீரே அடிக்காமல் நகர்ந்தால் அடியிலிருப்பது தெரியாது. முதலில் படம் எடுத்து, பிறகு கழுவி, தெளிவற்ற விளிம்பையும் மேற்பரப்பிலுள்ள அகன்ற கரிய துளைகளையும் அருகில் சென்று தேடுவதே முறை. இறுதித் தீர்ப்பு நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் திசுவுக்கே உரியது.

இரைப்பையில் நிலைமை வேறு. அங்கே இடம் அகலமானது என்பதால் தூரத்திலிருந்து பார்க்கையில் வெளிச்சம் போதாது. ஆகவே வெள்ளை ஒளியில் தேடி, ஐயம் எழுந்த இடத்தில் நெருங்கிச் சென்று ஒளியை மாற்றுவது நல்லது. உணவுக்குழாயில் தெளிக்கப்படும் லூகால் அயோடின் என்ற சாயம், இயல்பான செல்களில் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தோடு சேர்ந்து பழுப்பாகும், நோயுற்ற இடம் நிறம் ஏறாமல் நிற்கும். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் அதைத் தெளிப்பது தவறு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுபவருக்கு, புற்றுநோய்ப் புண்ணின் மேற்பரப்புகூட ஆறியது போலத் தோன்றலாம் என்பதையும், இரைப்பையில் தங்கும் எச். பைலோரி என்ற பாக்டீரியாவுக்கான சோதனை பொய்யாக 'இல்லை' என்று சொல்லலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் முடிந்தவர்களுக்கு மருத்துவர்கள் இரண்டு வாரம் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள்.

பரிசோதனை முடிந்ததும் கையில் கிடைக்கும் தாளில் நான்கைந்து வண்ணப் படங்கள் அச்சாகியிருக்கும். நீலப்பச்சையாக இருக்கும் படத்தைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பதறுவோரும், இளஞ்சிவப்புப் படத்தைக் கண்டு நிம்மதியடைவோரும் உண்டு. அது ஒளியின் நிறமே தவிர நோயின் நிறமல்ல. படங்களைவிட, கருவி பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குடல்வால் துவாரம் வரை எட்டியதா, பயாப்சி (சோதனைக்கான திசு மாதிரி) எடுக்கப்பட்டதா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்ற வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். சுத்தத்தைப் பாஸ்டன் அளவுகோலில் பெருங்குடலின் வலம், நடு, இடம் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தலா 3 மதிப்பெண் என்று மொத்தம் 9-க்குக் கணக்கிடுவார்கள். எந்தப் பகுதியாவது 2-க்குக் கீழே இருந்தால், புற்றுநோய்த் தடுப்புக்காகச் செய்த பரிசோதனையில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தாலும் ஓராண்டுக்குள் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.