நாலு பேர் சேர்ந்து தங்கூசி வாங்குவது எப்படி?

தூண்டில் போடுகிற ராடு, ரீல் என்றால் யோசிக்காமல் செலவு செய்கிறோம். மீனுக்கும் நம் கைக்கும் நடுவே இருக்கிற நரம்பை, அதாவது தங்கூசியை, மட்டும் வருடக்கணக்கில் மாற்றுவதில்லை. நைலான் தங்கூசியை வெயில் மெல்ல மெல்லப் பலவீனமாக்கும். சிப்பி ஒட்டிய பாறையில் உரசினால் கீறல் விழும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், நல்ல கொடுவா ஒன்று இழுக்கும்போது பட்டென்று அறுந்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்து பெரிய ஸ்பூலாக (நரம்பு சுற்றிய உருளையாக) வாங்கிப் பிரித்துக்கொண்டால் காசு மிச்சமாகும், நரம்பை மாற்றுகிற தயக்கமும் போய்விடும். அந்தத் தயக்கம் போவதுதான் பெரிய லாபம்.

முதல் வேலை: தடிமனை முடிவு செய்யுங்கள்

விலையை அப்புறம் பேசலாம். ஒரே மாதிரி மீன் பிடிக்கிறவர்கள் சேர்ந்தால்தான் ஒரே ஸ்பூல் எல்லோருக்கும் பொருந்தும். முட்டுக்காடு உப்பங்கழியில் லேசான ராடு போடுகிறவருக்கும், திருவொற்றியூர் பக்கம் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறை மேல் நின்று வீசுகிறவருக்கும் ஒரே தடிமன் ஒத்துவராது. கரையிலிருந்து வீசும் புதியவர்களுக்கு 0.35 மி.மீ. நைலான் நரம்பு நல்ல தொடக்கம். பாறை அதிகமென்றால் 0.40.

பிரெய்டு, அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிய நரம்பு, வேண்டுமென்றால் அதற்குத் தனிக் குழு சேருங்கள். அதைத் துண்டு துண்டாக வாங்கி முடிச்சுப் போட்டு நீட்டக் கூடாது, ஒவ்வொருவர் பங்கும் முழு நீளமாக வர வேண்டும்.

எத்தனை மீட்டர், எத்தனை கிராம்?

ரீலின் ஸ்பூலில் 0.30/200 என்பது போல எழுதியிருக்கும். 0.30 மி.மீ. நரம்பு 200 மீட்டர் கொள்ளும் என்று அர்த்தம். அதே ரீலில் 0.35 போட்டால் ஏறக்குறைய 147 மீட்டர், 0.40 போட்டால் 112 மீட்டர்தான் கொள்ளும். ஒவ்வொருவரும் தன் ரீலைப் பார்த்து எண்ணைச் சொல்லட்டும். பெயர், தடிமன், மீட்டர் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, தங்கூசி வாங்கப் போவதற்கு முன்பே பணத்தை வசூல் செய்துவிடுங்கள். நட்பு கெடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பெரிய ஸ்பூலில் எடை மட்டும் போட்டிருந்தாலும் நீளம் கண்டுபிடிக்கலாம். தடிமனை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 900-ஆல் பெருக்குங்கள். 1000 மீட்டர் நைலான் நரம்பின் எடை கிராமில் கிடைக்கும். 0.35-க்கு ஏறக்குறைய 110 கிராம். அப்படியென்றால் கால் கிலோ தங்கூசியில் 2,250 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு 550 மீட்டருக்கும் அதிகம்.

கடையில்

காசிமேடு துறைமுகத்தைச் சுற்றி வலைச்சாமான் கடைகள் இருக்கின்றன, பாரிமுனைப் பக்கமும் விசாரிக்கலாம். கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைத்திருக்கும் ஸ்பூலை எடுக்காதீர்கள். உள்ளே, நிழலில் இருந்ததைக் கேளுங்கள். ஒரு முழம் உருவி இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள், சொரசொரப்பு இருக்கக் கூடாது. அப்புறம் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இழுங்கள். மொடமொடவென்று சுலபமாக முறிந்தால் பழைய சரக்கு. லேபிளில் பவுண்டு கணக்கு இருந்தால், 20 பவுண்டு என்பது 9 கிலோ.

பிரிப்பது

சமையலறைத் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்ட வேண்டும். எல்லோரும் ரீலோடு வந்துவிட்டால் ரொம்ப நல்லது. பெரிய ஸ்பூலை எடை போடுங்கள், ஒருவர் ரீலில் சுற்றியதும் மறுபடி போடுங்கள். குறைந்த கிராம்தான் அவர் எடுத்தது. 150 மீட்டர் 0.35 என்றால் 16, 17 கிராம் குறையும்.

ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் சுற்றும்போது பெரிய ஸ்பூலை லேபிள் மேலே தெரியும்படி தரையில் படுக்கப் போடுங்கள். ஈரத்துணியால் நரம்பை லேசாகப் பிடித்து, பத்துப் பதினைந்து சுற்று சுற்றியதும் நிறுத்தித் தளர்த்திப் பாருங்கள். நரம்பு தானாக முறுக்கிக்கொண்டால் ஸ்பூலைத் திருப்பிப் போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் முதல் வீச்சிலேயே சிக்கல்தான். ரீலின் விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள்.

உருவிய பழைய தங்கூசியைக் கரையில் விடவே விடாதீர்கள். ஜனவரி முதல் நம் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நரம்பு காலில் சுற்றினால் அவற்றால் விடுபட முடியாது, பறவைகளுக்கும் இதே கதிதான். விரல் நீளத்துக்கு நறுக்கி, மூடிய பாட்டிலில் போட்டு வீட்டுக் குப்பையில் சேருங்கள்.

மிச்ச ஸ்பூலை ஒருவர் வீட்டில் இருட்டான அலமாரியில் வையுங்கள். வாங்கிய மாதம், மீதமுள்ள கிராம் இரண்டையும் அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.