புறாவைப் பாருங்கள், பைரி தெரியும்

சென்னை புளியந்தோப்பில் நைனா முப்பது வருஷம் புறா வளர்த்தார். அந்தரத்தில் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறா, அப்புறம் கொஞ்சம் ஹோமர் என்கிற பந்தயப் புறா. ஐப்பசி பிறந்துவிட்டால் காலையில் கூண்டைத் திறப்பதற்கு முன்னால், "டேய், பைரி கீதானு பாரு" என்று என்னை மொட்டை மாடிக்கு அனுப்புவார். எனக்கு அப்போது எட்டு வயது. அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "மேல இன்னா பாக்குற? எதிர்வூட்டு மாடப்புறாவப் பாரு, அது சொல்லும்" என்பார். பைரி பார்க்கக் கிளம்பும் யாருக்கும் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பைரி, புறா மாதிரிப் பறவைகளைப் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவை. புத்தகங்களில் பொரி வல்லூறு என்று போட்டிருப்பார்கள். மேலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதைவிட வேகமான பறவை உலகத்தில் இல்லை. லண்டன், நியூயார்க் மாதிரி ஊர்களில் உயரமான கட்டடங்களிலேயே கூடு வைக்கிறது, அங்கே வருஷம் முழுக்கப் பார்க்கலாம். சென்னைக்கு வருபவை பெரும்பாலும் வட துருவத்தை ஒட்டிய ரஷ்ய நிலப்பரப்பில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்குபவை. அதனால் இங்கே கூடு தேடி அலைய வேண்டாம். அது வழக்கமாக உட்காரும் இடம் எது என்று கண்டுபிடித்தால் போதும்.

நான் ஏசி மெக்கானிக். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கட்டடங்களின் உச்சியில்தான் பாதி நாள் வேலை, வீடு பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி. அதனால் எனக்கு இது வாய்த்தது. உங்களுக்கு மாடி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, பள்ளிக்கரணைச் சதுப்பு எல்லோருக்கும் பொது.

புரட்டாசியில் பறவை வருவதற்கு முன்பே பாடத்தை ஆரம்பித்துவிடுங்கள். உங்கள் தெருவில் மாடப்புறாக்கள் அடையும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் காலையில் பத்து நிமிஷம் பாருங்கள். கரும்பருந்து தலைக்கு மேல் போனால் அவை சட்டை பண்ணாது. தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் கிளம்பி ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் உட்காரும். இந்த அன்றாடம் கண்ணுக்குப் பழகியிருந்தால்தான் அது மாறும் நாள் தெரியும். பைரி வந்த அன்று புறா மொத்தமாக எழும். ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே உருண்டையாகி, படக் படக்கென்று திசை மாற்றும். உட்காரவே உட்காராது. அந்த உருண்டைக்கு மேலே, நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு உயரத்தில், பைரியைத் தேடுங்கள்.

அடையாளம் சொல்கிறேன். கூரான சிறகு, தடித்த மார்பு, அளவான வால். சிறகை அகலமாக வீசாமல் வெடுக் வெடுக்கென்று விறைப்பாக அடிக்கும். கரும்பருந்துக்கு வால் நடுவில் பிளந்திருக்கும், வட்டமடித்தபடி மிதக்கும். வைரி என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது சின்னது, சிறகு நுனி உருண்டையானது, மரத்துக்குள் பதுங்கி ஓணானும் அணிலும் பிடிக்கும். அணில் விடாமல் கத்தினால் வைரி, புறா உருண்டையாகத் திரண்டால் பைரி.

உட்கார்ந்திருக்கும் பைரியின் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பு மீசை இறங்கும், அதன் பின்னால் கன்னம் வெள்ளையாக இருக்கும். முதுகு சிலேட்டு நிறம், வயிற்றில் குறுக்குக் கோடுகள். அந்த வருஷத்துக் குஞ்சு என்றால் முதுகு பழுப்பாகவும் வயிற்றுக் கோடுகள் நெடுக்காகவும் இருக்கும். தலை முழுக்கக் கறுத்து, வயிறு செம்மண் நிறத்தில் இருந்தால் அது ஷாகீன், நம் நாட்டு மலைப்பாறைகளில் குடியிருக்கும் பைரி. பெட்டை ஆணைவிடப் பெரியது.

அக்டோபர் நடுவிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். ஆனால் அப்போதுதான் மழையும் வரும். மழை நாளில் போய் நனைவதில் பிரயோஜனம் இல்லை, மழை விட்ட மறுநாள் காலையை விடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் ரோடு எது, ஏரி எது என்று தெரியவில்லை. வெயில் அடித்த முதல் காலை, உயர் மின்னழுத்தக் கோபுரத்தின் மேல் கையில் ஒரு பைரி இரண்டு சிறகையும் விரித்து, வாலையும் விசிறி மாதிரி பிரித்து, துணி காயப்போட்டது போல உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரம் அசையவில்லை. பக்கத்துக் கோபுரங்களில் ஒரு காக்கைகூட இல்லை.

நல்ல காலம் மார்கழியும் தையும். சதுப்பில் ஊசிவால் வாத்தும் நெடுங்கால் உள்ளானும் நிறைந்திருக்கும், பைரிக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி ரோடு சதுப்பைக் கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகிறது. காலையில் துரைப்பாக்கம் முனையில் நின்று மேற்கே பாருங்கள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் பள்ளிக்கரணை முனைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். வண்டிகள் பறக்கிற ரோடு, ஓரமாக நில்லுங்கள். ஞாயிறு காலை ஆறரைக்குப் போனால் நெருக்கடி குறைவு. மின் கோபுரங்களை ஒவ்வொன்றாக, உச்சியிலிருந்து கீழே, எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 பைனாகுலரால் பாருங்கள். அதைவிடப் பெரிதாகக் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கத்தில் பறவையும் நடுங்கும். எட்டரைக்கு மேல் வெயில் ஏறினால் பைரி நிழலுக்கு ஒதுங்கிவிடும், நீங்களும் டிபன் சாப்பிடப் போகலாம். மறுபடி ஐந்து மணிக்கு வாருங்கள். கிளிகள் அடையப் போகும் நேரமும் வௌவால் கிளம்பும் நேரமும் அதற்கு வேட்டை நேரம்.

மாடிக்குப் போக முடிந்தவர்கள் தரையைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடு, பக்கத்தில் பிடுங்கிய இறகு, சதை போன பின்னும் நெஞ்செலும்போடு சேர்ந்தே கிடக்கும் இரண்டு சிறகு, இதெல்லாம் இருந்தால் பைரி சாப்பிட்ட இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். பூனை கடித்த இறகு அடியில் மென்று கூழாகியிருக்கும். பைரி இறகை முழுசாக உருவும்.

உருவுவதை ஒரே ஒரு தடவை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். சோழிங்கநல்லூரில் ஒரு கட்டடத்து மாடி, அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் கேஸ் நிரப்பிக்கொண்டு குனிந்திருந்தேன். கைப்பிடிச் சுவரில் தொப்பென்று ஒரு சத்தம். இருபதடி தூரம்தான். மஞ்சள் காலுக்கு அடியில் பச்சைக்கிளி. பைரி என்னை நேராகப் பார்த்தது. கண் முழுக்கக் கறுப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். நான் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, கொத்தாக இறகைப் பிடுங்கி, அலகில் ஒட்டியதைத் தலையைச் சிலுப்பி உதறியது. பச்சை இறகுகள் ஒவ்வொன்றாகக் காற்றில் ஓ.எம்.ஆர். பக்கம் இறங்கின. சாப்பிட்டு முடித்தபோது அதன் கழுத்துக்குக் கீழே இரைப்பை எலுமிச்சம்பழம் அளவு புடைத்திருந்தது. அப்படிப் புடைத்திருக்கும் பறவை இனி வேட்டைக்குப் போகாது. நீங்கள் பார்த்தால் அன்றைக்கு அங்கேயே காத்திருக்க வேண்டாம்.

கிட்டே வந்தது அது, நான் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். புறாவைக் காட்டி இழுப்பது, கல் விட்டுப் பறக்க வைத்துப் படம் எடுப்பது இரண்டும் கூடவே கூடாது. உட்காரும் இடத்தைப் படத்தோடு ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். புறாக்காரர்களில் கோபக்காரர்கள் உண்டு, பிடித்து விற்க நினைப்பவர்களும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை இது, பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மாஞ்சா நூலில் அறுபட்டு விழுந்ததைக் கண்டால் துணியைப் போட்டு மூடி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். தண்ணீர் ஊற்றாமல், எதையும் ஊட்டாமல், உடனே வனத்துறைக்கோ, புளூ கிராஸ் விலங்கு நல அமைப்புக்கோ சொல்லுங்கள்.

நைனாவின் ஜோடி ஜோடியான கர்ணப் புறாக்களில் பைரி எத்தனை தூக்கியிருக்கிறது! அந்தரத்தில் கர்ணம் அடிக்கும் புறாதான் அதன் கண்ணில் முதலில் படும். அப்படியும் அவர் கல் எடுத்ததில்லை. "அது போன வருசம் வந்த அதே பைரிதான்டா, அதே டவர்ல குந்துது பாரு" என்பார். நான் நம்பவில்லை. 2021-ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. துருவப் பக்கத்து 56 பைரிகள்மீது செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொன்றும் வருஷா வருஷம் தன் பழைய பாதையையே பிடிக்கிறதாம். அன்றைக்கே நைனாவிடம் சொன்னேன். "அத்தத்தான நான் சொன்னேன்" என்று டீயைக் குடித்தார். ஆகவே ஒரு கோபுரத்தில் பார்த்தால் கோபுரத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் முதலில் அங்கே போங்கள்.

பங்குனியில் ஒருநாள் கோபுரம் காலியாக இருக்கும். இரண்டு மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியாகப் பார்த்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். என் காலண்டரில் அது பெரும்பாலும் மார்ச் கடைசி வாரம். வெயில் மாதங்களில் வைரியையும் கரும்பருந்தையும் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம். பைனாகுலரை மட்டும் பீரோவுக்குள் பூட்டாதீர்கள். இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மூடி இறுக்கமான டப்பாவில், புது ஷூ பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள், மாதம் ஒரு தடவை பொட்டலத்தை மாற்றுங்கள்.