கேட்லியா ஆர்கிட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பூ உதிர்ந்ததும் தொட்டியை மாற்றாதீர்கள்

போன வாரம் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, கேட்லியாவில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. செடி சும்மா நிற்கும் நேரம்தானே என்று நேற்றே புதுத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். இனி என்ன உரம் போடலாம்?” என்றாள். குரலில் அத்தனை மகிழ்ச்சி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே காரியத்தை இதே மகிழ்ச்சியோடு நானும் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பூவைப் பார்க்க நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன். அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், தட்டில் தேங்க விடாதீர்கள், தோட்டத்து மண்ணில் நடாதீர்கள் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், விட்டுவிடுகிறேன். இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்த்தவர்களும் அறியாமல் செய்கிற தவறுகளைப் பற்றியே எனக்குக் கவலை.

நாளைப் பார்த்து, வேரைப் பார்க்காமல் தொட்டி மாற்றுவது

கேட்லியா வளரும் விதத்தை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். தொட்டியின் மேற்பரப்பில் ஒரு கிடைத்தண்டு ஊர்ந்து செல்லும். அதிலிருந்து வரிசையாகக் குமிழ்த்தண்டுகள் எழும். தண்ணீரையும் சத்தையும் சேமித்து வைக்கும் தடித்த தண்டுகள் இவை. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இலை இருக்கும். சில வகைகளில் இரண்டு, மூன்று. ஒருமுறை பூத்த குமிழ்த்தண்டு மறுபடி பூப்பது அபூர்வம். அடுத்த பூ வேண்டுமென்றால் அதன் அடியில் உறங்கும் கண் விழிக்க வேண்டும், குருத்து விட வேண்டும், அந்தக் குருத்து முழுக் குமிழ்த்தண்டாக முற்ற வேண்டும்.

வேரின் கதையும் இதோடு பின்னியிருக்கிறது. புது வேர்கள் பெரும்பாலும் கடைசியாக வளர்ந்த குமிழ்த்தண்டின் அடியிலிருந்துதான் கிளம்பும். ஆண்டு முழுவதும் கிளம்பாது; தனக்கென்று ஒரு பருவம் வந்ததும், சில வாரங்களுக்குள் ஒரே அலையாகக் கிளம்பும். பழைய குமிழ்த்தண்டுகள் புது வேரை எளிதில் விடுவதில்லை. இருக்கிற வேரை வைத்தே காலத்தை ஓட்டும். தொட்டி மாற்றும்போது நாம் உடைப்பது அந்தப் பழைய வேர்களைத்தான். மண் தொட்டியின் உட்சுவரில் அவை பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். இழுத்தால் வெள்ளை உறை சுவரிலேயே தங்கிவிடும். உள்ளே இருக்கும் நூல் போன்ற நரம்பு மட்டும் கையோடு வரும். தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைக்கும் பஞ்சு அந்த உறைதான். அது போனால் அந்த வேரும் போனதாகவே கொள்ள வேண்டும்.

என் செடியில் அப்போது ஒன்பது குமிழ்த்தண்டுகள் இருந்தன. வெளிர் ஊதாப் பூ, தொண்டையில் மஞ்சள். ஒரே காம்பில் நான்கு பூக்கள் விரிந்து மூன்று வாரங்கள் நின்றன. கடைசிப் பூ வாடிய ஞாயிற்றுக்கிழமை, நேரம் கிடைத்த ஒரே காரணத்தால், செடியைக் கவிழ்த்து எடுத்தேன். மூன்றாகப் பிரித்தேன். உடைந்த வேர்களைக் கத்தரித்தேன். மூன்று அழகான தொட்டிகளில் நட்டு, உரத்தண்ணீரும் ஊற்றினேன். முன்பக்கக் கண் இன்னும் விழிக்கவே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

முதல் மாதம் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. கேட்லியாவிடம் இதுதான் ஆபத்து: வேர் இல்லாவிட்டாலும் சேமிப்பிலிருந்து குடித்துக்கொண்டு பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். மூன்றாம் மாதம் குமிழ்த்தண்டுகளில் நெடுக்குவாட்டில் சுருக்கங்கள் விழுந்தன. சுருக்கத்தைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். உறிஞ்ச வேரே இல்லாத தொட்டியில் ஈரம் தங்கி, மிச்சமிருந்த வேரும் அழுகியது. ஒரு துண்டு செத்தது. இன்னொன்று விரல் நீளத்துக்கு ஒரு குருத்தை விட்டு அப்படியே நின்றது. மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டும் முந்தையதைவிடச் சற்றே பெரிய குமிழ்த்தண்டாக விட்டு, நான்காம் ஆண்டில் ஒற்றைப் பூ பூத்தது.

இன்றும் யாராவது ‘பூ முடிந்ததும் தொட்டி மாற்றுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சில செடிகளுக்கு அது தற்செயலாகப் பொருந்தும். புதிதாக வளர்ப்பவர் தன் செடி அந்தச் சிலவற்றில் ஒன்றா என்று எப்படி அறிவார்?

பார்க்க வேண்டிய இடம் ஒன்றே: கடைசிக் குமிழ்த்தண்டு கிடைத்தண்டோடு சேரும் அடிப்பகுதி. குமிழ்த்தண்டைச் சுற்றியிருக்கும் காய்ந்த உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். தீக்குச்சி முனை அளவில் சிறு புடைப்புகள் தெரியும். நுனி பச்சையாகவோ சிவந்தோ பளபளக்கும். அவை தெரிந்தால் அந்த வாரமே மாற்றலாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டுவிட்டால் கை பட்டாலே ஒடியும். மிகுந்த எச்சரிக்கை தேவை. சரியான தருணத்தில் மாற்றிய செடியின் புது வேர்கள், மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் நிரப்பும் புது மரப்பட்டைத் துண்டுகளுக்குள் நேராக இறங்கும். பழைய வேர்கள் பாதி போனாலும் செடி அதை உணராது.

எந்தச் செடி எப்போது வேர் விடும் என்பது வகைக்கு வகை மாறும். சில, குருத்து சிறிதாக இருக்கும்போதே விடும். சில, குமிழ்த்தண்டு முற்றிய பிறகே விடும். பூத்து முடித்து அடுத்த குருத்து கிளம்பும்போது விடுபவையும் உண்டு. ஓர் ஆண்டு பொறுமையாகக் கவனித்து, வேர் கண்ட தேதியைத் தொட்டியின் பெயர்ச்சீட்டிலேயே எழுதி வையுங்கள். இரண்டு இலை வகைகளில் இன்னும் கண்டிப்பாக இருங்கள்; காலம் தவறி வேரைத் தொட்டால் அவை பெரும்பாலும் மீள்வதில்லை.

ஒரே விதிவிலக்கு: பட்டை மக்கிச் சேறாகி, புளித்த வாடை அடித்து, வேர்கள் அழுகிக்கொண்டிருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே எடுத்து, அழுகியதை நீக்கி, சிறிய தொட்டியில் நட்டு, வெயிலைக் குறைத்து, சுற்றிலும் ஈரப்பதத்தைக் கூட்டி வையுங்கள். புது வேர் கண்ணில் படும்வரை உரம் வேண்டாம். தங்கை மகளுக்கும் இதைத்தான் சொன்னேன்: “இனிப் பிடுங்காதே அம்மா. செடியை அசையாமல் கட்டி வை. பட்டைக்கு மேலே நீர் தெளித்தால் போதும்.”

பிரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பங்கிலும் நான்கு குமிழ்த்தண்டுகளாவது இருக்கட்டும். மூன்றுக்குக் கீழே போகவே வேண்டாம். முடிந்தால், மாற்றுவதற்குச் சில மாதங்கள் முன்னரே, செடி தொட்டியில் இருக்கும்போதே கிடைத்தண்டைப் பாதி ஆழம் வெட்டிவிடுங்கள். பின்பகுதியில் உறங்கும் கண் அங்கேயே விழித்துக்கொள்ளும். பிரிக்கும் நாளில் இரு பக்கமும் உயிர்ப்போடு இருக்கும்.

கிடைத்தண்டைப் புதைப்பது

காட்டில் இது மரக்கிளையின் மேல் காற்றும் மழையும் பட ஊர்ந்து வளரும் செடி. வேர்தான் உள்ளே போக வேண்டும். கிடைத்தண்டு பட்டையின் மேல் படுத்திருக்க வேண்டும். புதைத்தால் கண்கள் அழுகும்.

ஆனால் மேலேயே வைத்தால் செடி ஆடும் என்பார்கள். ஆடத்தான் செய்யும். ஆடுகிற செடியின் புது வேர் நுனி பட்டையில் உரசி நின்றுபோகும் என்பதால் குச்சி நட்டுக் கட்டுவது தவிர்க்க முடியாதது. செடியின் பழைய முனை தொட்டியின் விளிம்பைத் தொடட்டும். வளரும் முனை நடுவை நோக்கி இருக்கட்டும். மரப்பட்டைத் துண்டுகளை ஓரிரவு ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். காய்ந்த புதுப் பட்டை தண்ணீரை ஏற்காமல் வழியவிட்டுவிடும்.

பெரிய தொட்டி

இரண்டு ஆண்டு வளர்ச்சிக்கு இடம் இருந்தால் போதும்.

பூக்கவில்லை என்று உரத்தைக் கூட்டுவது

உரம் வளர்ச்சிக்குத் துணை. வெளிச்சம் போதாத செடிக்கு எவ்வளவு ஊட்டினாலும் இலைதான் கொழுக்கும். மரக்கிளையில் வாழும்போது மழைநீரில் கரைந்து வரும் துளிச் சத்தை வைத்தே வாழப் பழகிய இனம் இது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள 20-20-20 போன்ற கரையும் உரமென்றால் லிட்டருக்கு அரை கிராம் போதும். குருத்தும் வேரும் வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கலாம். வளர்ச்சி நின்ற காலத்தில் மாதம் ஒருமுறை, அல்லது வேண்டவே வேண்டாம்.

மரப்பட்டையில் நட்டவர்கள் நைட்ரஜன் மிகுந்த 30-10-10 உரத்தைத் தேடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பட்டையை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தாமே எடுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டவே அந்த விகிதம். தேங்காய் மட்டைத் துண்டிலோ மரக்கரியிலோ நட்டவர் அதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டியதில்லை.

அளவைவிட மோசமான தவறு, கழுவாமல் விடுவது. உரத்தின் உப்பு பட்டையில் படிந்துகொண்டே போகும். மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சுப் படர்ந்தால் அதுதான் அடையாளம். வேர் நுனி கருகும், இலை நுனி பழுப்பாகும். மாதம் ஒருமுறை, உரம் கலக்காத தண்ணீரைத் தொட்டியின் அடியில் தாராளமாக வழிந்தோடும்வரை ஊற்றுங்கள். காய்ந்து கிடக்கும் வேரில் உரத்தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர். வெள்ளி நிற வேர்கள் பச்சையாக மாறியதும் உரம்.

கரும்பச்சை இலையைக் கண்டு மகிழ்வது

வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் பலரும் பெருமையோடு காட்டும் அடர்பச்சை இலை உண்மையில் வெளிச்சப் பஞ்சத்தின் அறிகுறி. கேட்லியாவின் இலை மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்க வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் 20,000 முதல் 30,000 வரை அதற்குத் தேவை. அறையின் மூலையில் நமக்குக் கண் கூசும் வெளிச்சம்கூட அதற்கு மாலை மயக்கம்தான். ஜன்னலை ஒட்டி வையுங்கள். உச்சி வெயில் மட்டும் மெல்லிய திரை வழியாக வரட்டும்.

இடத்தை ஒரே நாளில் மாற்றினால் இலை வெந்துவிடும். வெளிறிய திட்டு முதலில் தெரியும், பிறகு கருத்துக் காயும். அந்தத் தழும்பு இலை உள்ளவரை போகாது. இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால் வெயில் அதிகம், அல்லது காற்று போதவில்லை.

காற்றை அடைப்பது

பிரேசிலிலிருந்து போன செடி ஒன்று 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கேட்லி என்பவரின் கண்ணாடி வீட்டில் பூத்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி 1821-இல் அந்த இனத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். அதன் பின் பல ஆண்டுகள் அங்கே ஆர்கிட்களை வெப்பமண்டலச் செடிகள் என்பதற்காகக் காற்று புகாத சூட்டறைகளில் அடைத்து, ஏராளமானவற்றைச் சாகடித்தார்கள். 1830-களில் ஜோசப் பாக்ஸ்டன் போன்ற தோட்டக்காரர்கள் காற்றோட்டம் விட்ட பிறகே செடிகள் பிழைத்தன. குளிரூட்டிய அறையில் ஜன்னல்களை மூடி வளர்க்கும் நாமும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். ஒரு சிறு மின்விசிறி மெதுவாகச் சுற்றட்டும், செடியின் முகத்துக்கு நேராக இல்லாமல்.

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். இளங்குருத்தின் மடிப்பில் இரவு முழுவதும் நீர் நின்றால் அடியோடு கருத்து அழுகும்.

காய்ந்த பாளையைக் கிழிப்பது

வேண்டாம். சில வகைகளில், மொட்டை மூடிக் காக்கும் உறையான பாளை பழுத்துக் காய்ந்த பிறகே உள்ளே மொட்டு எழும்.

ஒரே கத்தரிக்கோல்

செடிக்குச் செடி கத்தியைத் தீயில் காட்டிவிட்டு வெட்டுங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஓடன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸும் வெட்டும் கருவியில் ஒட்டிய சாற்றின் வழியே பரவுகின்றன. மருந்து கிடையாது. நோய் வந்த செடி நலமாகவே தோன்றிக்கொண்டு மற்றவற்றுக்கும் கொடுக்கும்.

இரவு விளக்கு

இதை நான் வெகுகாலம் கழித்தே கண்டுகொண்டேன். கேட்லியா லேபியாட்டா, பகல் குறுகும் காலத்தை உணர்ந்து மொட்டு வைக்கும் வகை. என்னிடம் இருந்தது கூடத்து ஜன்னலோரம் நன்றாக வளர்ந்தது. இலையின் நிறம் சரி, குமிழ்த்தண்டு திரண்டிருந்தது, பாளையும் வந்தது. இரண்டு ஆண்டுகள் பாளைக்குள் எதுவும் எழவில்லை. வெளிச்சத்தை மாற்றினேன், உரத்தை மாற்றினேன். கடைசியில்தான் புரிந்தது: கூடத்தில் நள்ளிரவுவரை விளக்கு எரிகிறது. செடிக்குப் பகல் குறையவே இல்லை. இரவில் யாரும் விளக்குப் போடாத பின்னறை ஜன்னலுக்கு அதை மாற்றினேன். அந்த ஆண்டு பகல் குறையத் தொடங்கிய சில வாரங்களில், பாளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, அடியில் இரண்டு மொட்டுகளின் நிழல் தெரிந்தது.